நான் கோடு போட்டு அடித்த முப்பத்தாறு நாவல்கள்

கண்ணு,

நேற்றுக் காலை நீ ஓசூரிலிருந்து அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஃபோன்ல வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்" என்று எழுதியிருந்தாய். நான் உடனே 'சரி' என்று மட்டும் பதில் போட்டேன். ஒற்றைச் சொல்லில் நான் பதில் போட்டதைப் பார்த்து உனக்கே சந்தேகம் வந்திருக்கும். முப்பத்து நான்கு வருஷம் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள், ஒரு வரியில் முடிக்கிற ஆளா நான்? விஷயம் என்னவென்றால், நீ சொல்ல வருவது எனக்குத் தெரியும். இருபது நாளாகத் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்து, நீ தடுமாறித் தடுமாறிச் சொல்வதைக் கேட்டு, கடைசியில் ஆச்சரியப்பட்டுக் காட்டுகிற நடிப்பெல்லாம் எனக்கு வராது. ஓசூரிலிருந்து திண்டிவனம் வருகிற வழி முழுக்க நீ அதையே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவதையும் நான் விரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு வேலை போனதும், அதை எங்களிடம் சொல்லாமல் பத்து மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போவதுபோல விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போனதும், அங்கே நூலகத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ செய்தது தப்பா சரியா என்று எழுத வரவில்லை. நான் செய்தது என்ன என்று எழுத வருகிறேன். அது உனக்கே முழுதாகத் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற வருஷம், வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் உன் அப்பாவுக்கும் தினம் சண்டை வரும் என்று பயந்து, நீதானே அந்த யோசனையைச் சொன்னாய். வருஷத்துக்கு ஆளுக்கு இருபத்தைந்து நாவல், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படித்து முடித்ததும் நம் மூன்று பேருக்கான வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி கருத்து எழுத வேண்டும். நாவல் படிக்காத அப்பா நடுவர். மயிலம் பக்கம் நிலக்கடலை போட்டிருக்கிற நம் நிலத்துக்குப் போய்விட்டு வந்து, மல்லாட்டை மண் ஒட்டின காலைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு யாரு முன்னால போறது?" என்று கேட்பார். பீரோக் கதவின் உள்பக்கம் நான் ஒரு சார்ட் ஒட்டினேன். உனக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி. முடித்த நாவலின் பெயர், தேதி, மதிப்பெண். மதிப்பெண் என்னுடைய ஏற்பாடு. நாவலுக்கு யாராவது மார்க் போடுவார்களா என்று நீ சிரித்தாய். எனக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது கண்ணு. வருஷா வருஷம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த விழுப்புரம் முகாமுக்குப் போனவள் நான். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. முக்கியக் குறிப்பு இருக்கிறதா, டிக். இல்லையா, கோடு. அடுத்த தாள். எழுதியது யார், எந்த ஊர், என்ன நிலையில் எழுதினாள் என்பது தெரியக்கூடாது என்பதுதான் அங்கே விதியே. அந்த விதியோடுதான் நாவலையும் கையில் எடுத்தேன்.

என் கருத்துகளை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு காதல் நாவலுக்கு, 'முதல் அத்தியாயத்திலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டியதை நானூறு பக்கம் இழுத்திருக்கிறார், 32' என்று எழுதியிருக்கிறேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றிய நாவலுக்கு, 'மழைக்காலத்தில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை, 58' என்று போட்டிருக்கிறேன். அதே நாவலுக்கு நீ, 'அவள் காலில் இருக்கும் வெடிப்பைப் பற்றி மூன்று பக்கம் வருகிறது அம்மா, நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்' என்று எழுதியிருந்தாய். அந்த மூன்று பக்கத்தை நான் தாண்டிப் போயிருந்தேன். அதில் குறிப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றியிருக்கும். ஆனாலும் அவை நல்ல நாட்கள். நீ எழுதுவதை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். "புள்ள நல்லா எழுதுறான்" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். முதல் வருஷம் நான் இருபத்தாறு, நீ பதினான்கு. விழுப்புரத்தில் அந்தத் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, களைத்துப் போய் வருகிறவனுக்குப் பதினான்கே அதிகம் என்று அப்பா உன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வருஷம்தான் அது நடந்தது. ஜனவரியில் நீ நான்கு நாவல் முடித்தாய். பிப்ரவரியில் ஆறு. ஏப்ரலில் என்னைத் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு கொஞ்சம் எரிச்சல், அதற்குப் பிறகு சந்தேகம். வகுப்பில் எப்போதும் நாற்பது எடுக்கிற பெண் திடீரென்று தொண்ணூறு எடுத்தால் எந்த ஆசிரியைக்கும் முதலில் என்ன தோன்றும்? பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன். நீ எழுதிய கருத்துகளை இணையத்தில் தேடினேன். எங்கேயும் அகப்படவில்லை. அகப்படாததும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ எத்தினி படிச்சான்னே கேட்டுக்கினு இருக்கற. எப்ப படிக்கிறான்னு ஒருவாட்டி கேளேன்" என்றார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று வாயை அடைத்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் உன் பத்து மாதம் நான்கு மாதமாகக் குறைந்திருக்கும். உன் சம்பளத்தைப் பற்றி நாங்கள் கேட்டதே கிடையாது, அதனால் அந்தப் பக்கமும் எதுவும் தெரியவில்லை. உனக்கு நேர்ந்ததைக் காட்டியது அந்தச் சார்ட் ஒன்றுதான். என் கையாலேயே அதில் எழுதினேன், தினமும் பார்த்தேன், அதைப் படிக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் உன் எண்ணிக்கை அறுபத்தொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை எதிரே உட்காரவைத்து வாய்மொழித் தேர்வு நடத்தினேன், நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, மூன்றாவது தங்கையின் கணவன் எதனால் ஊரைவிட்டுப் போனான் என்று கேட்டேன். சொன்னாய். இன்னொன்றைக் கேட்டேன். அதையும் சொன்னாய். ஏழு நாவல் கேட்டேன், ஏழுக்கும் சொன்னாய். அங்கேயே நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் தோற்கப் பிடிக்காத வாய் சும்மா இருக்குமா? காலை எட்டு மணிக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்கு வருகிறவன் வாரத்துக்கு இரண்டு நாவல் எப்படிப் படிப்பான், சுருக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஏமாற்றுகிறாய் என்று சொல்லிவிட்டு, பீரோக் கதவைத் திறந்து, சிவப்புப் பேனாவால் முப்பத்தாறு நாவல்களின் மேல் கோடு போட்டேன். இருபத்தைந்துதான் இலக்கு, அதுவரை அனுமதிக்கிறேன், மற்றது செல்லாது என்றேன். ஒரு தேர்வறைக் கண்காணிப்பாளர் பேசுகிற அதே குரலில் பேசினேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரிம்மா, அடிச்சுடு" என்றாய். அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டாய் என்று நினைத்தேன். நான் கேட்டது ஒன்று, நீ ஒப்புக்கொண்டது வேறொன்று என்பது இப்போதுதான் புரிகிறது.

அதற்கு மேலும் நீ ஒரு முயற்சி செய்தாயே கண்ணு, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. அடுத்த வாரம் குழுவில் ஒரு நாவலைப் பற்றி எழுதினாய். நான்கு வரி அல்ல, ஒரு பக்கம். வியாபாரம் நொடித்துப்போன ஒருவன், வீட்டில் சொல்லாமல் தினமும் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிற கதை. 'இவன் பொய் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடுகிறான். வீட்டில் யாராவது ஒருவர் இவன் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவான் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தாய். என்னையும் அதைப் படிக்கச் சொன்னாய். படித்தேன். இரண்டே நாளில், கட்டுத் தாளைத் திருத்துகிற வேகத்தில். என் கருத்தை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் நான் ஒருமுறை என் கையால் எழுத வேண்டும். 'நாயகன் கோழை, பொய்யன். கட்டியவளிடமும் பெற்றவளிடமும் உண்மை பேசத் துணிவில்லாதவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. 41.' அப்பா இருக்கிற குழுவில், எல்லோரும் பார்க்கும்படி. அதற்குப் பிறகு நீ அந்தக் குழுவில் எந்த நாவலைப் பற்றியும் எழுதவில்லை. நவம்பரில் ஓசூரில் வேலை கிடைத்தது, போய்விட்டாய். படிக்கிறாயா என்று கேட்டால் நேரமில்லை அம்மா என்பாய். நானும் விடாப்பிடியாகத் தனியாக இருபத்தைந்தை முடித்துக்கொண்டிருந்தேன், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிற சார்ட்டில்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கல்யாணப் பத்திரிகை கொடுக்க விழுப்புரம் போயிருந்தேன். கொடுத்து முடித்து, திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அந்த நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தேன். மீதிப் பத்திரிகைகளை மேசைமேல் வைத்திருந்தேன். அட்டையில்தான் உங்கள் இருவர் போட்டோவும் இருக்கிறதே, நூலகர் அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "இவரு உங்க பையனாம்மா? நல்லா இருக்காரா? அந்த வருசம் பூரா டெய்லி வந்துக்கினு இருந்தாருங்க. தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து நிப்பாரு. திடீர்னு நின்னுட்டாரு, வேல கெடச்சிருக்கும்னு நெனச்சிக்கினேன்" என்றார். ஆள் மாறிச் சொல்கிறார் என்றேன். அவர் உள்ளே போய்ப் பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்தார். எந்தப் பக்கத்திலும் உன் கையெழுத்து. நான் கைபிடித்து எழுதப் பழக்கிய கையெழுத்து, அதில் எப்படிச் சந்தேகப்படுவேன்? பக்கம் பக்கமாகத் திருப்பினேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வருஷம் நீ எழுதிய அறுபத்திரண்டு கருத்துகளையும் முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றிலும் நீ இருந்தாய். வேலை தேடிப் போகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறாய், அப்பாவிடம் பேசப் பயப்படுகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறாய், பகல் நேரத்தில் தெருவில் நடக்கவே கூச்சப்படுகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறாய். பத்து மாதமாக நீ எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய், நான் அவற்றுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு ஒன்று செய்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "நீ ஒருவாட்டி போய் உக்காந்து பாரு" என்றார். அடுத்த திங்கட்கிழமை நீ அப்போது போன அதே பஸ்ஸில் போனேன். நான் 41 போட்ட நாவலை எடுத்து, நீ உட்காருவாய் என்று நூலகர் அம்மா காட்டிய ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, ஒரு வரிகூடத் தாண்டாமல் படித்தேன். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன், தெருமுனையில் ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்க்கிறான். முதல்முறை படித்தபோது அப்படி ஒரு வரி இருந்ததே எனக்குத் தெரியாது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் போனேன். வெள்ளிக்கிழமையும் போனேன். கதவு பூட்டியிருந்தது. அந்த நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாயங்காலம்வரை வீட்டுக்குப் போகக்கூடாது, உன்னைப்போல இருந்து பார்க்க வேண்டும் என்று வைராக்கியமாக பஸ் நிலையத்துக்கு நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கண்டக்டர் வந்து, "எங்கம்மா போணும், பாண்டியா, கடலூரா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அரை மணி கழித்து இன்னொருவர் கேட்டார். தள்ளி உட்கார்ந்தேன். பூ விற்கிற பெண் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. முதலில் வந்தவர் மறுபடியும் வந்து, "இன்னாம்மா, ரொம்ப நேரமா உக்காந்துக்கினு கீறீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். என் தங்கச்சி கண்டமங்கலத்திலிருந்து வருகிறாள், அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னேன். எனக்கு ஏது தங்கச்சி? முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், எந்தக் கட்டாயமும் இல்லாமல், கண் இமைக்காமல் பொய் சொன்னேன். அத்தனை சுலபமாக வந்தது. கொண்டுபோன சாப்பாட்டைப் பிரிக்கவும் கூச்சமாக இருந்தது. ஒரு மணிக்கு மேல் என்னால் முடியவில்லை, திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்காதவள், பத்து மாதம் தாக்குப்பிடித்தவனைக் கோழை என்று எழுதியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் எந்த அம்மாவும் கடிதத்தை முடிக்க மாட்டாள், நான் மட்டும் எப்படி முடிப்பேன்? உன் மனைவியிடம் எதையும் அன்றன்றைக்கே சொல்லிவிடு. சொல்லத் தைரியம் வராத நாளில், சொல்லத் தைரியம் வரவில்லை என்பதையாவது சொல். அவள் ஏதாவது ஒரு நாவலைப் பற்றி வாய் ஓயாமல் பேசினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள், அது நாவலைப் பற்றிய பேச்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவளுடைய முகம் வழக்கம்போல இல்லையென்றால் காரணத்தை நீயாகக் கண்டுபிடிக்காதே, கேள். இதெல்லாம் எனக்கு இந்த இருபது நாளில்தான் தெரியவந்தது. உனக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கட்டும். இந்த வருஷம் இத்தனை என்று நான் எந்த எண்ணும் வைக்கவில்லை. பழைய சார்ட்டை எடுத்துவிட்டேன். நீ மறுபடியும் படித்தால் எழுது, இரண்டு வரி போதும். பதிலுக்கு நானும் எழுதுவேன், நிதானமாக.

ஞாயிற்றுக்கிழமை வா. அப்பா நிலத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேலை போனதை நீ சொல்ல வேண்டாம், நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டாம், அவை எங்களுக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் எந்த வெள்ளிக்கிழமையிலும் உன் கையெழுத்து இல்லை. பத்து மாதத்தில் நாற்பது வெள்ளிக்கிழமை வந்திருக்கும். அன்றைக்கெல்லாம் நீ எங்கே போனாய் கண்ணு? அதிலிருந்து ஆரம்பி. நான் நடுவில் பேச மாட்டேன்.

அம்மா